எதிர்வீட்டுத் தலைவர்

“நம்ம வீட்டு டிவியில, தலைவரப் பத்தின படத்துல அவரு சர்ச்சுக்குப் போறாரு. எதிர்வீட்டு சப்னா வீட்டுல மட்டும் ஏம்மா தொழுகை பண்றாரு?” என்று எமல்டாவிடம் மகள் ஒருநாள் கேட்டாள்.

உடனே எமல்டா சப்னாவின் அம்மா ஷமீமாவிடம் சண்டைக்குப் போனாள். “தலைவர் எங்க ஆளு. பிள்ளைகளுக்குப் பொய்யா சொல்லித் தர்றீங்க?” மாடிப்படியெங்கும் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“படத்துல பாத்ததைத்தான் சொன்னோம்க்கா,” என்ற ஷமீமா அதன்பின் அவளிடம் பேசவில்லை.

எமல்டா மருத்துவமனையில் நர்ஸ். இன்று திருநீறு பூசிய நோயாளி ஒருவர் தன் அறை டிவியில் தலைவரைப் பற்றிய அதே ஆவணப்படத்தைப் போடச் சொன்னார். தாயை இழந்த தலைவர் மண்டியிட்டு அழும் காட்சி அவளுக்கு மனப்பாடம். ஆனால் இங்கே சிலுவை இருந்த இடத்தில் சிவலிங்கம் இருந்தது.

“நம்ம தலைவரோட பக்தியப் பாத்தீங்களா சிஸ்டர்!” என்று அவர் கண்கலங்கினார்.

பார்ப்பவரின் மதத்துக்கு ஏற்றபடி படம் மாறிக்கொள்கிறது. தலைவர் உண்மையில் யாரைக் கும்பிட்டார் என்பது எமல்டாவுக்கு இனித் தெரியப்போவதில்லை. ஷமீமா பொய் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

வீடு திரும்பியபோது எதிர்வீடு பூட்டியிருந்தது. எல்லார் முன்னாலும் திட்டியதற்கு எல்லார் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்; அதற்கு அவள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் சண்டைக்குப் பிறகும் இரண்டு வீட்டு வாசலையும் ஷமீமாவே கழுவிவந்தாள். அந்தக் கடனைத் தீர்க்கச் சாட்சி தேவையில்லை. எமல்டா வாளியை எடுத்துவந்து, ஷமீமாவின் வாசலில் முழங்காலிட்டுத் துடைக்கத் தொடங்கினாள்.