அதே சிவப்பு

ஒருவர் சிவப்புக் கார் ஒன்று வாங்கியபோது, கீறல் விழுந்தால் பூசிக்கொள்ள அதே சிவப்பில் ஒரு குட்டிப் பெயின்ட் பாட்டிலும் கூடவே வந்தது. கார் ஊர் சுற்றியது; பாட்டில் டேஷ்போர்டுக்குள் இருட்டில் கிடந்தது. வருஷக்கணக்கில் பேச்சுத்துணை இல்லை. ‘ஒரு சின்னக் கீறலாவது விழாதா?’ என்று ஏங்கும். உடனே ‘சீ, என்ன புத்தி!’ என்று தன்னையே திட்டிக்கொள்ளும்.

ஒருநாள் வாசல் கேட் உரசிக் கார்க் கதவில் கீறல் விழுந்தது. கார்க்காரர் கீறலைத் தேய்த்துத் துடைத்து, பாட்டிலைத் திறந்து, பிரஷ்ஷால் ஒரு கோடு இழுத்தார்.

“வந்துட்டேன்!” என்றது பாட்டில். “நாம ரெண்டு பேரும் ஒரே நிறம்.”

வெயிலில் வெளுத்துப்போன கதவு முகம் சுளித்தது. “யாரு நீ? வீடு மாறி வந்துட்டியா? இப்படிக் கண்ணைப் பறிக்கிற சிவப்பா நான்?”

“உன் உள்பக்கம், வெயில் படாத ஓரத்துல பாரு. நீயும் இதே சிவப்புதான்.”

“என் நிறம் எனக்குத் தெரியாதா?”

“கார் வித்தவன் தப்பான பாட்டிலைத் தலையில கட்டிட்டான்” என்று முணுமுணுத்த கார்க்காரர், கோட்டைத் தின்னரால் அழித்துவிட்டு, பாட்டிலைக் குப்பைக்கூடையில் போட்டார்.

கூடைக்குள்ளிருந்து பாட்டில் பார்த்துக்கொண்டே இருந்தது. அவர் ஏறுவதற்காகக் கதவைத் திறந்தார். உள் ஓரத்தில் பளிச்சென்று அதே சிவப்பு!

“அதோ, அதோ!” என்று பாட்டில் கத்துவதற்குள் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.