புரோக் தின்ற சாசேஜ்

தத்ரா மலையில் பருவத்தின் முதல் பனி. புல்லின்மேல் இன்னும் பிடிக்காததால் எந்நேரமும் சரியலாம். பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தேட ஜெல்மிரா பழக்கிய நாய் புரோக்குக்கு அன்று பரீட்சை. தோற்றால் வீடு காக்கப் போகவேண்டியதுதான். மீட்புக்குழுத் தோழன் ராதோவன் பனிக்குழிக்குள் வாயிலை மூடிக்கொண்டு ஒளிந்திருப்பான். கண்டுபிடிக்கும் நாய்க்கு உள்ளிருந்தே சாசேஜ் கொடுப்பான்.

புரோக் மோப்பம் பிடித்து ஓடியது, தோண்டியது, தலையை உள்ளே விட்டது. சாசேஜைக் கவ்விக்கொண்டு நிமிர்ந்தது.

“என் ராசா! பாஸாயிட்டடா!” ஜெல்மிரா குதித்தாள்.

பின்னாலிருந்து மூச்சிரைக்க ராதோவன் வந்தான். “கோவிச்சுக்காத, தூங்கிட்டேன். இதோ, குழிக்குள்ள போயிடறேன்.”

“தூங்குமூஞ்சி, நடிக்காத! இப்பத்தானே சாசேஜ் குடுத்த?”

“நானா? பொட்டலத்தையே இன்னும் பிரிக்கலையே!”

புரோக் வாலை ஆட்டியபடி, இன்னொரு துண்டு கேட்டுக் குழிக்குள் தலையை நீட்டியது. அதுவும் கிடைத்தது.