கரடிக் கூண்டருகே

"இந்த வருஷம் கேக்க வேணாய்யா. கரடியைப் பாத்துட்டு வூட்டுக்குப் போயிடலாம்," என்றாள் சொக்கம்மாள்.

கன்னியப்பன் மூட்டையைக் கை மாற்றிக்கொண்டான். உத்திரமேரூரில் முதல் பஸ் பிடித்து, செங்கல்பட்டில் ரயில் ஏறி, மதராஸ் உயிர்காலேஜ் வாசலில் வந்து நிற்கும்வரை அவள் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். புலியும் சிங்கமும் அடைத்து வைத்திருக்கும் அந்தத் தோட்டத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. அறுப்பு முடிந்ததும் வருஷா வருஷம் இங்கே வந்து போவது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

"கேக்காம போனா எனக்குச் சோறு எறங்காது, சொக்கு."

"அந்தக் காவல்காரர் வாயைத் தொறக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வருதே."

"அம்மா, கரடி எழுந்து நிக்குது. சீக்கிரம் வா," என்று மகள் அம்முலு அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

சில வருஷங்களுக்கு முன், காணும் பொங்கல் கூட்டத்தில், இந்தக் கரடிக் கூண்டுக்கு எதிரேதான் அது நடந்தது. அன்றைக்குப் புருஷனும் பெண்சாதியும் தொண்டை வற்றக் கத்தினார்கள். கண்ணில் பட்டவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டார்கள். எல்லாரும் தெரியாது என்று நடந்துவிட்டார்கள். கூட்டம் கலைந்து, தோட்டம் காலியான பிறகும் இருவரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

கூண்டருகே வந்ததும் சொக்கம்மாள் கரடியைப் பார்க்கவில்லை. வருகிறவர் போகிறவர் முகங்களையே பார்த்தாள். அம்முலுவின் கையை மட்டும் விடவில்லை.

"இங்கேயே இருங்க. வந்துடறேன்," என்று கன்னியப்பன் காவல்கார அருள்தாஸைத் தேடிப் போனான்.

"வாய்யா உத்திரமேரூர்க்காரரே," என்றார் அருள்தாஸ். "இன்னா, கையில மூட்டை?"

"புது அரிசிண்ணே. வூட்ல பொங்கச் சொல்லு."

"எதுக்குய்யா வருஷா வருஷம் சொமந்துக்கினு வரே?"

"அன்னிக்கு எங்ககூட போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் அலைஞ்சியே. அதுக்கு என்னால வேற இன்னா செய்ய முடியும்?"

அருள்தாஸ் மூட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். கன்னியப்பன் தயங்கி நின்றான்.

"சேதி ஏதாச்சும்..."

"இல்லப்பா. போன மாசங்கூட ஸ்டேஷன்ல விசாரிச்சேன். மஞ்சள் சட்டை, கால்ல கொலுசு, அன்னிக்கு எழுதின அடையாளம் அப்படியேதான் கீது. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"எங்க விலாசம் அவங்களாண்ட பத்திரமா கீதா?"

"அவங்களாண்டயும் கீது, என்னாண்டயும் கீது. சேதி வந்தா சொல்லி அனுப்ப மாட்டேனா? மறந்துட்டு நிம்மதியா இருய்யா."

"அது முடியலண்ணே. அன்னிக்கு அழுத அழுகை இன்னும் என் காதுல கீது." அவன் கண் கலங்கிவிட்டது.

அருள்தாஸ் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். "பொண்ணு சௌக்கியமா?"

"நல்லாக்கீது. கரடியாண்ட நிக்குது, அவங்கம்மாகூட."

"கூட்டிக்கினு போ. மான் குட்டி போட்டிருக்கு, காட்டு."

கன்னியப்பன் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அம்முலு வாழைப்பழத்தை உரித்து உரித்துக் கரடிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தூரத்தில் அவன் தலை தெரிந்ததும் சொக்கம்மாள் எழுந்து நின்றாள்.

"ஒரு சேதியும் இல்லையாம்," என்றான்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவன் பக்கத்தில் குந்தி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"நல்லா கேட்டியா?"

"ரெண்டு வாட்டி கேட்டுட்டேன், சொக்கு. எழுந்திரு. குழந்தை பாக்கப் போவுது."

சொக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கூண்டைப் பார்த்து இரண்டு கையையும் குவித்தாள்.

"சாமி, யாருமில்லாம இங்க அழுதுக்கினு நின்னவளை எங்க கையில குடுத்தே. பெத்தவங்க இந்த வருஷமும் தேடிக்கினு வரல," என்று முணுமுணுத்தவள், ஓடிப்போய் அம்முலுவை வாரி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.