மையம் கொடுத்த தலையணை

குடியை விட்டு வீடு திரும்பிய தாவீதுக்கு மறுவாழ்வு மையம் ஒரு தலையணை கொடுத்திருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்தால் அதன் ஓரம் பச்சையாகும். தூக்கம் கெட்டால் சிவப்பாகும். சிவப்பு தொடர்ந்தால் மறுபடி குடிக்கிறார் என்று கருதி மையத்துக்கே அழைத்துப் போய்விடுவார்கள்.

ஒரு வாரமாகச் சிவப்பு. மனைவி ஞானசீலி அவர் சட்டையை முகர்ந்தாள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினாள். இன்று மையத்தின் வண்டி வாசலுக்கே வந்துவிட்டது.

"எங்க ஒளிச்சு வச்சிருக்கிய? பைபிள் மேல கைய வச்சுச் சொன்னியளே!"

"நான் தொடல சீலி."

"அப்போ தலையணை பொய் சொல்லுதாக்கும்?"

வண்டியில் வந்த பெண் தலையணையிலிருந்து ஒரு நீளமுடியை எடுத்தாள். தாவீதின் வழுக்கையைப் பார்த்தாள். "இதுல படுக்கறது யாரு?"

தாவீது தலைகுனிந்தார். "அவளுக்குக் கழுத்து வலி. இதுதான் மெத்துன்னு இருக்கு. ராத்திரி அவ ஜெபம் பண்ணும்போது மாத்தி வச்சிருவேன், காலைல அவ எந்திரிச்சுப் போனதும் திருப்பி எடுத்துக்கிடுவேன். சொன்னா படுக்கமாட்டா."

குடித்திருக்கிறாரா என்று இரவெல்லாம் அவர் மூச்சை முகர்ந்தபடி விழித்துக் கிடந்தது ஞானசீலிதான்.

வண்டி அவரை ஏற்றாமலே திரும்பியது. மதியம் அவள் அந்தத் தலையணையிலேயே படுத்தாள்.

"நான் இங்கனதான் இருக்கேன். நீ தூங்கு," என்றார் தாவீது.

அவள் எழுந்தபோது ஓரம் பச்சையாக இருந்தது.