மதிலின் உள்பக்கம்

"வெளியில இல்ல, உள்ள. மதிலை ஒட்டி உள்பக்கமா வை."

வீட்டுக்காரர் சொன்னது காதில் சரியாகத்தான் விழுந்தது. ஆனாலும் நர்சரிக்காரி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

பதினெட்டு வருடமாகச் செடி வைக்கிறாள். கடலோர விடுதிகளில் மணல் அரிக்காமல் இருக்கத் தாழை வைத்திருக்கிறாள். மாடு நுழையாமல், ஆள் ஏறாமல், எத்தனையோ வீடுகளில் மதிலுக்கு வெளியே வரிசையாக வைத்திருக்கிறாள். உள்ளே வைக்கச் சொன்னவர் இவர்தான்.

"திருடன் வெளியில இருந்துதானே சார் வருவான்?"

"செடி வைக்க வந்தியா, துப்பறிய வந்தியா? பையன் வெளிநாட்டுல இருக்கான். அவன் வர்ற வரைக்கும் வீடு பத்திரமா இருக்கணும். அவ்வளவுதான்."

முதல் தாழைச் செடியின் இலையை அவர் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். இரண்டு ஓரத்திலும் முள், நடு நரம்பின் அடியிலும் முள். விரலில் ரத்தம் பொட்டாக எழுந்தது.

அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

கேட்டின் உள்பக்கம் பூட்டு தொங்கியது. சாவி அவர் சட்டைப்பையில். வண்டியிலிருந்து செடி எடுக்க அவள் போகும்போதெல்லாம் அவரே வந்து திறந்தார். திரும்பியதும் அவரே பூட்டினார்.

ஒரு முழம் தள்ளி வைத்ததைப் பிடுங்கி அரை முழத்துக்கு மாற்றச் சொன்னார்.

"பெருசானா ஒண்ணை ஒண்ணு நெருக்கும் சார்."

"நெருக்கட்டும். கால் வைக்க இடம் இருக்கக் கூடாது."

ஆறாவது செடி வைக்கும்போது மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள். முப்பது வயது இருக்கும். இடது கணுக்கால் வீங்கி, துணி சுற்றியிருந்தது. சொம்பை நீட்டியவள் செடிகளைப் பார்த்தாள். பிறகு நர்சரிக்காரியைப் பார்த்தாள்.

"இதைவிட முள்ளு அதிகமா இருக்கிற செடி உங்களுக்குக் கிடைக்கலையாக்கா?"

மாமனார் சிரித்தார். "பாத்தியா, அவளுக்கே புரியுது."

மருமகளின் பார்வையில் இருந்தது அப்பட்டமான வெறுப்பு. வேலைக்கு வந்தவளிடம் எதற்கு இந்தக் கடுகடுப்பு என்று நர்சரிக்காரிக்கும் எரிச்சல் வந்தது. பாதி குடித்துவிட்டுச் சொம்பைத் தரையில் வைத்தாள்.

ஒன்பது செடி முடிந்தது. பத்தாவது குழி பின்மூலையில்.

குனிந்தபோதுதான் மதில் சுண்ணாம்பில் அந்தக் கால்தடத்தைப் பார்த்தாள். முழங்கால் உயரத்தில், ஐந்து விரலும் மேல்நோக்கி. அதற்குச் சற்று மேலே இன்னொன்று. அது அப்படியே வழுக்கி, கீழே வரைக்கும் கோடு இழுத்திருந்தது.

சின்னக் கால். செருப்பில்லாத கால்.

கடப்பாரையைக் கீழே வைத்தாள். 'என்னால முடியாது, வேற ஆளைப் பாருங்க' என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டுப் போகலாம். நாளைக் காலை வேறு நர்சரியிலிருந்து வேறு ஒருத்தன் வந்து வைத்துவிட்டுப் போவான்.

"என்ன மரம் மாதிரி நிக்கற?" என்றார் பின்னாலிருந்து.

"கேட்டைத் திறங்க சார். இன்னும் மூணு செடி எடுக்கணும்."

எடுத்து வந்தாள். அவர் கண்ணெதிரிலேயே நட்டாள். மண்ணை மிதித்து இறுக்கினாள். பன்னிரண்டும் ஒரே உயரம், ஒரே பச்சை. அவர் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துத் தலையாட்டினார்.

சொம்பை எடுக்க மருமகள் வந்தாள்.

"மூலையில இருக்கிற மூணுக்கும் நீங்களே தண்ணி ஊத்துங்கம்மா," என்று நர்சரிக்காரி சத்தமாகவே சொன்னாள். "தினமும் கை வச்சுப் பாருங்க."

துப்பாத குறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, மருமகள் நொண்டி நொண்டி உள்ளே போனாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"திமிரு," என்றார் மாமனார், பூட்டைத் திறந்தபடி.

மதியம் ஒரு பள்ளிக்கூடத்தில் செடி இறக்க வேண்டியிருந்தது. விளையாட்டுத் திடலின் ஓரம், பிள்ளைகள் விழுந்து புரளும் இடம். அதனால் முள்ளில்லாத தாழை ரகம் பதினைந்து வேண்டும் என்று தலைமையாசிரியை முன்பே சொல்லி வைத்திருந்தார்.

இறக்கி வைத்த செடிகள் பன்னிரண்டுதான்.

தலைமையாசிரியை வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னும் மூணு இருக்கே?"

"அதுல முள்ளு இருக்கு டீச்சர்," என்றாள் நர்சரிக்காரி.