பூச்சு

லாரி மோதி முழங்காலுக்குக் கீழே இடது காலை இழந்த தெய்வானைக்கு, பட்டறையில் அலுமினியக் கால் தயாராகியிருந்தது. முதலில் இருபுறமும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு பிடியை விட்டுவிட்டு நடந்தாள்.

"நல்லாப் பொருந்திருச்சுங்க்கா. கழட்டிக் குடுங்க. தேய்ச்சு மினுக்கி, தோல் நெறத்துல பெயிண்ட் அடிச்சு அடுத்த வாரம் தர்றேன்" என்றான் காலைச் செய்த செபாஸ்டின்.

"நல்லா அடிச்சிருங்க தம்பி. பொய்க்கால்னே தெரியக் கூடாது" என்றான் அவள் கணவன் நஞ்சப்பன்.

தெய்வானை குனிந்து காலைத் தடவினாள். கடைசல் இயந்திரத்தில் கடைந்தபோது விழுந்த மெல்லிய வளையக் கோடுகள் விரலில் நெருடின. இன்னும் ஒரு வாரம். ஒரு சொம்புத் தண்ணீருக்கும் யாரையாவது கூப்பிட வேண்டும்.

"இப்படியே போட்டா துருப்புடிக்குமுங்களா?"

"அலுமினியம் துருப்புடிக்காதுங்க்கா. வேர்வை பட்டா மங்கும். கோடெல்லாம் தெரியும். பார்க்க நல்லாருக்காதுங்க."

"தெரிஞ்சாத் தெரியட்டும். நான் கழட்ட மாட்டேன்."

நஞ்சப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஊரு கண்ணு பூரா உங்காலு மேலதான் இருக்கும், தெய்வான."

அவள் நிமிர்ந்தாள். தடுக்காமல் இருக்கச் சேலைக் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசற்படி இறங்கினாள். வெயில் பட்டு உலோகம் பளீரென்றது. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இரு, ஆட்டோ கூட்டியாறேன்" என்று பின்னாலேயே ஓடிவந்தான் நஞ்சப்பன்.

"கால் வலிச்சா நீங்க ஆட்டோவுல வாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.