சத்தியப் பத்திரம்

அப்பா ராய்ஸின் எண்ணெய்ப் பங்கு வெர்னாவின் கைக்கு வர ஒரே ஒரு பத்திரம்தான் பாக்கி. ராய்ஸ் இறந்துவிட்டார், மகள் வெர்னாதான் வாரிசு என்று, அந்தப் பங்கில் பைசா சம்பந்தமில்லாத ஒருவர் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். பக்கத்துப் பண்ணை ஆர்வில் அதற்காகத்தான் சமையலறை மேசையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"மேல் நிலத்தை வித்துட்டாலும் அடியில இருக்கற எண்ணெய் இன்னும் உங்கப்பா பேர்லதான் இருக்கு," என்றார் எண்ணெய்க் கம்பெனி ஆள் கெல்லர். "நாலு லட்சம் டாலர் தேறும்."

வெர்னா பத்திரத்தை ஆர்வில் பக்கம் தள்ளினாள். "போடுங்க அங்கிள், காப்பி ஆறுது!"

ஆர்வில் பத்திரத்தை இரண்டு முறை படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"என்னால முடியாதும்மா."

"ஏன்? எண்ணெய்க் கிணறு வெடிச்சு அப்பா செத்தப்போ சவப்பெட்டியத் தூக்கினதே நீங்கதானே?"

"தூக்கினேன். சர்ச்சுல வாய மூடிக்கிட்டு நின்னேன். ஆனா சத்தியம் பண்ணிப் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டியில இருந்தது ரெண்டு மூட்டை மாட்டுத்தீவனம்."

வெர்னா முப்பது வருடமாக அந்தக் கல்லறையில் பூ வைக்கிறாள்.

கெல்லர் தொண்டையைச் செருமினார். "அப்போ ராய்ஸ் உயிரோட இருந்தா அவர் கையெழுத்துதான் வேணும். எங்க போய்த் தேடறது?"

அடுப்பைப் பார்த்தபடி நின்ற அம்மா லொரீன், டிராயரைத் திறந்து ஓர் உறையை எடுத்து நீட்டினாள்.

"ஓடிப்போனவன் பொண்டாட்டிங்கறதுக்கு விதவைங்கறது மேல்னு தோணுச்சு. இது போன கிறிஸ்துமஸுக்கு வந்த கார்டு. விலாசம் பின்னால இருக்கு."